யாருடைய றோட்டு? அரிப்பிலிருந்து ஒரு கிடங்கின் வரலாறு

போன மாரியில் எங்களில் ஒருத்தரின் அப்பா மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டார். றோட்டில் கிடங்கு. மழைத் தண்ணி நிரம்பி நின்றதால் ஆழம் தெரியவில்லை. முன் சில்லு இறங்க, ஆள் தூக்கி எறியப்பட்டார். கை முறிந்து ஆறு கிழமை வேலைக்குப் போகேலாமல் வீட்டில் இருந்தார்.

ஊரின் பெயரையும் சபையின் பெயரையும் நாங்கள் எழுதப் போவதில்லை. இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இது உங்கட ஊர்க் கதையாகத்தான் இருக்கும், அதனால் பெயர் தேவையில்லை.

கை கட்டுப் போட்ட கையோடு அவரும், துணைக்கு மகளும், மூன்று கந்தோர் ஏறி இறங்கினார்கள். முதலாவது கந்தோரில், "அது எங்கட றோட்டு இல்லை அண்ணை, மாகாணத்திட்ட கேளுங்கோ" என்றார்கள். இரண்டாவது கந்தோரில், "இது மாகாண வீதி இல்லைப் பிள்ளை, சபையின்ர" என்றார்கள். மூன்றாவது இடத்தில், "ஒரு கடிதம் தாங்கோ, பாப்பம்." கடிதம் கொடுத்து மூன்று கிழமைக்குப் பிறகு யாரோ ஒரு டிரக்டரில் கிரவல் கொண்டு வந்து கிடங்குக்குள் கொட்டிவிட்டுப் போனார்கள். யார் கொட்டினது என்று இன்று வரைக்கும் தெரியாது. அடுத்த மழைக்குக் கிரவலும் போய்விட்டது.

எங்கட குழுவில் இந்தக் கதையைக் கதைத்தபோது எல்லோருக்கும் வந்தது ஒரே கோபம்தான். கோபத்துக்குப் பிறகு ஒரு கேள்வியும் வந்தது. ஒரு றோட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்பது எப்படி இவ்வளவு குழப்பமான விஷயமாக மாறினது? இது நேற்று வந்த குழப்பமா, இல்லாவிட்டால் பழசா?

இதைத் தேடிப் போனபோது நாங்கள் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் அரிப்பு. மன்னாரில் முசலிப் பிரதேசத்தில், அருவியாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன மீன்பிடி ஊர். அங்கே இடிந்துகொண்டிருக்கிற 'டொரிக்' மாளிகையைப் பார்க்க எங்களில் சிலர் முன்பு போயிருந்தோம். பாதைகளின் வரலாற்றைத் தேடும்போது அதே ஊர் திரும்பவும் எங்கட முன்னால் வந்து நின்றது. ஆகவே அரிப்பிலிருந்தே தொடங்குவம்.

ஆற்றைப் பிடித்து வந்தவர்

1679 ஒக்டோபர் 18. அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு இரண்டு ஆங்கிலேயர் கால்நடையாக வந்து சேர்ந்தார்கள். ஒருவர் றொபேர்ட் நொக்ஸ், மற்றவர் ஸ்டீபன் றட்லண்ட். நொக்ஸ் 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்துக்குள் கிட்டத்தட்ட 20 வருஷம் சிறைக்கைதியாக வாழ்ந்தவர். தப்பி வந்த அவர் 1681இல் லண்டனில் வெளியிட்ட புத்தகம் இன்றைக்கும் இலங்கை வரலாறு படிக்கிற எல்லோரும் புரட்டுகிற ஒன்று.

எங்களுக்கு இங்கே முக்கியம், அவர் எந்த வழியால் வந்தார் என்பது. பாதையால் அவர் வரவில்லை. அநுராதபுரப் பக்கத்தில் இருந்து மல்வத்து ஓயாவைப் பிடித்து, காட்டுக்குள்ளால், ஆறு போன போக்கில் கடல் வரைக்கும் நடந்தார்கள். அந்த மல்வத்து ஓயாவைத்தான் நாங்கள் கீழ்ப்பக்கத்தில் அருவியாறு என்கிறோம்.

ஏன் பாதையால் வரவில்லை? பாதைகளில் காவல் இருந்தது. கண்டி அரசன் பாதைகளை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்திருந்தான் என்று நொக்ஸ் எழுதுகிறார். எதிரிப் படை உள்ளே வரக்கூடாது, உள்ளே இருக்கிறவன் வெளியே போகக்கூடாது. ஊர் எல்லைகளில் முள் வேலிக் கதவுகள், அவற்றுக்குக் காவல்காரர். பாதை போடாமல் விடுவதும் ஓர் அரசின் தீர்மானமாக இருக்கலாம் என்பதை இந்தக் கதையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒரு றோட்டு இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் பின்னால் யாரோ ஒருவரின் தேவை இருக்கிறது. பிறகு வந்தவர்களின் கதையிலும் இதைத்தான் காண்கிறோம்.

முத்துக்காக வந்த நகரம்

அரிப்புக் கடலுக்கு வெளியே முத்துச் சிப்பிப் பார்கள் இருந்தன. போர்த்துக்கேயரும், 1658இல் மன்னாரைப் பிடித்த ஒல்லாந்தரும், பிறகு ஆங்கிலேயரும் இந்தக் கரையில் குந்தியிருந்ததற்குக் காரணம் அந்தச் சிப்பிகள்தான். 1798இல் இலங்கைக்கு வந்த முதலாவது பிரித்தானிய ஆள்பதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்காகவே அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். செங்கல்லால் கட்டி, சிப்பி சுட்ட சுண்ணாம்பு பூசி, கிரேக்கப் பாணித் தூண்கள் வைத்த கட்டடம். 1804 அளவில் வேலை முடிந்தது. அதுதான் 'டொரிக்'. ஊர்ச் சனம் அதை அல்லிராணி கோட்டை என்று சொல்லும். ஆள்பதியின் பெயர் ஊரில் ஒட்டவில்லை, கதையில் வருகிற ராணியின் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்குக் கடல் அந்தக் கட்டடத்தின் அடியை அரித்துக்கொண்டிருக்கிறது. அரிப்பில் நிற்கும்போது ஊரின் பெயரை நினைக்காமல் இருக்கேலாது.

அதே காலத்தில் இலங்கையில் இருந்த படை அதிகாரி றொபேர்ட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலில் முத்துக்குளிப்பு நடந்த கொண்டச்சிக் குடாவைப் பற்றி எழுதியிருக்கிறார். வெறும் மணல், சில குடிசைகள், உப்புத் தண்ணி. குடிக்கிற தண்ணியை நாலு மைல் வடக்கே இருந்த அரிப்பிலிருந்துதான் கொண்டு போக வேண்டும். சிப்பிக் காலம் வந்தால் அந்த மணலில் ஆயிரக்கணக்கான ஆக்கள் கூடுவார்கள். முடிந்ததும் மறுபடி மணல்தான்.

நூறு வருஷத்துக்குப் பிறகும் இந்த முறை மாறவில்லை. அளவுதான் பெரிசாகியது. 1905இல் மரிச்சுக்கட்டியை மையமாக வைத்து நடந்த முத்துக்குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம். அடுத்த வருஷம், 1906இல், அங்கே கடமைக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். ஆம், எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃபின் கணவராகப் பிறகு ஆனவர்தான். கிடுகும் கம்பும் வைத்து அங்கே ஒரு நகரமே எழும்பும். தெருக்கள், கடைகள், ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பொலிஸ் எல்லாம் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் குளியாளர்கள் வருவார்கள். சிப்பி முடிந்ததும் நகரத்தைக் கழற்றி எடுத்துவிடுவார்கள்.

யோசித்துப் பாருங்கோ. தேவை வந்தபோது ஒரு சில கிழமைக்குள் தெருவும் தண்ணியும் வைத்தியமும் கொண்டுவந்து வைக்க அரசுக்கு முடிந்தது. தேவை முடிந்ததும் எல்லாம் போய்விட்டது. அரிப்புக்காரரும் சிலாவத்துறைக்காரரும் வருஷம் முழுக்க அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்காக அந்தத் தெரு போடப்படவில்லை, அதனால் அவர்களுக்காக அது பராமரிக்கப்படவும் இல்லை. 1920களின் நடுவோடு பெரிய முத்துக்குளிப்புகள் ஓய்ந்தன. ஆள்பதிகள் வருகிற காரணமும் அதோடு ஓய்ந்தது.

ஆறு நாள்

இனி, றோட்டுப் போட்டவர்கள் யார் என்று பார்ப்பம்.

1820களில் ஆள்பதி எட்வேர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியைப் போட்டார். பாடப்புத்தகத்தில் அவரை 'வீதிகளின் ஆள்பதி' என்ற மாதிரித்தான் படித்திருப்போம். அந்த வீதியின் கல்லைச் சுமந்தது ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பு. கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் 1832இல் ராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, அரசாங்கத்துக்கு றோட்டு வேண்டும், காசு இல்லை.

1848இல் ஆள்பதி டொரிங்டன் காலத்தில் வந்தது வீதிச் சட்டம். 18 வயதிலிருந்து 55 வயது வரைக்குமான ஆண்கள் வருஷத்தில் 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், ஏலாதென்றால் அதற்குப் பதிலாகப் பணம் கட்ட வேண்டும். அதே வருஷம் துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. கண்டிச் சீமை கொதித்து எழுந்தது. ஜூலையில் மாத்தளைக் கிளர்ச்சி. ஓகஸ்ட் 8இல் வீர புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் ஒரு பௌத்த பிக்குவும் காவி உடையோடேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த அடக்குமுறை பிரித்தானியப் பாராளுமன்றத்தில் விசாரணைக்கு வந்து, கடைசியில் 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். வீதிச் சட்டமோ போகவில்லை. 1861இல் அதைத் திருத்தி, மாகாண வீதிக் குழு, மாவட்ட வீதிக் குழு என்று ஓர் அமைப்பையே உருவாக்கினார்கள்.

இதில் எங்களை நிறுத்தி வைத்த ஒரு விஷயம் இருக்கிறது. இந்த 'ஆறு நாள்' எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1555இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு கோவில்பற்றும் தன்னுடைய வீதியைத் தானே பராமரிக்க வேண்டும். அதற்காக ஊரவர்கள் வருஷத்தில் 4 நாள் சும்மா வேலை செய்ய வேண்டும். 1563இல் அது 6 நாளாகியது. கிட்டத்தட்ட 270 வருஷம் இங்கிலாந்துக்காரரும் முணுமுணுத்துக்கொண்டு, பின்னேரம் வந்து, மண்ணைக் கிளறிவிட்டுப் போனார்கள். அந்த முறை சரிவராது என்று அவர்களே முடிவெடுத்து 1835இல் அதை நீக்கிவிட்டு, வரி வாங்கி, கூலி கொடுத்து வீதி திருத்தும் முறைக்குப் போனார்கள். தங்கட நாட்டில் சரிவராது என்று தூக்கி எறிந்ததை 13 வருஷத்துக்குள் எங்கட நாட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1832இல் ராஜகாரியம் போனபோது, ஊர்க்குளத்தைத் திருத்துகிற ஊர்க்கடமையும் அதோடு சேர்ந்து தளர்ந்தது. குளங்கள் தூர்ந்தன. 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்து பழைய ஊர் வழமைகளுக்குத் திரும்ப உயிர் கொடுக்க வேண்டி வந்தது. மன்னார்க்காரருக்கு இது புத்தகக் கதை இல்லை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியைப் பற்றி முடிவெடுக்க இன்றைக்கும் போகத்துக்குப் போகம் கமக்காரர் கூட்டம் போடுகிறார்கள். எந்த வாய்க்கால் யாருடைய பொறுப்பு, எத்தனையாம் திகதி எங்கே தண்ணி திறக்கும் என்பது கூட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதிகாரியும் அதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார். பிழை நடந்தால் கேட்கிற இடம் இருக்கிறது.

குளத்துக்கு அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. றோட்டுக்கு எப்போதாவது அப்படி ஒன்று இருந்ததா? வீதிக் குழுவின் தலைமை அரசாங்க ஏஜென்டிடம் இருந்தது. அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் கொழும்பு. மேலே இருக்கிறவருக்குக் கணக்குக் காட்டுகிற பழக்கம் எங்கட வீதி நிர்வாகத்துக்கு அப்படித்தான் பிறப்பிலேயே வந்தது.

நடந்தே போனவர்கள்

மன்னார்க் கரையைப் பற்றி எழுதிக்கொண்டு இந்தப் பாதையை விட்டுவிட்டால் அது பெரிய பிழை.

1820களிலிருந்து தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த சனம் தலைமன்னார் உட்பட மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் மாத்தளை நோக்கி நடந்தார்கள். ஏறத்தாழ 250 கிலோமீற்றர். தண்ணி இல்லை, தங்குமிடம் போதாது, வாந்திபேதி. வழியில் செத்துப்போனவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. அப்படி நடந்து வந்தவர்கள்தான் மேலே போய்க் காடு வெட்டி, கோப்பி நட்டு, தோட்டத்து றோட்டுகளையும் போட்டார்கள். கோப்பியைக் கீழே கொண்டுவர நல்ல வீதி வந்தது. கோப்பியை நட்டவர்கள் மேலே போன வழி பல காலம் செத்த உடல்கள் கிடந்த ஒற்றையடிப் பாதையாகவே இருந்தது.

2023 ஜூலை 28இல் மலையகத் தமிழரின் 200 வருஷத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் தொடங்கியது. ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. நடந்தவர்களில் எங்கட வயதுக்காரரும் இருந்தார்கள். இப்போது அந்த வழியில் பெரும்பகுதி தார் வீதி. ஆனால் அதே மலையகத்தில் லயன் அறைகளுக்குப் போகிற தோட்ட வீதிகளைப் பாருங்கோ. தோட்டக் கம்பனியின்ர றோட்டா, சபையின்ர றோட்டா என்ற கேள்வியில் அவை கிடங்கு விழுந்து கிடக்கின்றன. எங்களுக்கு மூன்று கந்தோர், அவர்களுக்கு நாலு.

சபை வந்தது, ஆள் வரவில்லை

இனி இன்றைக்கு வருவம். இப்போதைய ஏற்பாடு இதுதான். 'ஏ', 'பி' தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. அது 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. நாடு முழுக்க அவை சுமார் 12,000 கிலோமீற்றர். மதவாச்சி–தலைமன்னார் வீதி, அதாவது ஏ-14, அந்த வகை. 'சி', 'டி' தர வீதிகள் 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்துக்கு. அதற்குக் கீழே வருகிற ஊர் வீதிகள் எல்லாம் உள்ளூராட்சி சபைகளுக்கு. நாட்டில் இருக்கிற வீதிகளில் மிகப் பெரிய பங்கு இந்தக் கடைசி வகைதான். அதைவிட வாய்க்கால் ஓரப் பாதை, காட்டுப் பாதை என்று வேறு திணைக்களங்களுக்குச் சேர்ந்தவையும் உண்டு.

பிரதேச சபைச் சட்டம் 1987இல் வந்தது. கூரையிலிருந்து பார்த்தால் அழகான ஏற்பாடு. ஊர் றோட்டை ஊர் தெரிந்தெடுத்த ஆக்கள் பார்ப்பார்கள். ஆனால் வடக்கில் அந்தச் சட்டமும் போரும் ஒன்றாகத்தான் வளர்ந்தன.

அரிப்பு இருக்கிற முசலியை எடுங்கோ. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலியின் ஊர்கள் காலியாகின. சனம் புத்தளத்துக்குப் போய் கிட்டத்தட்ட 20 வருஷம் அங்கே இருந்தது. 2007 செப்டெம்பரில் இராணுவம் சிலாவத்துறைப் பகுதியைப் பிடித்தபோது மிச்சமிருந்த தமிழ்ச் சனமும் இடம்பெயர்ந்தது. முள்ளிக்குளம் ஊரில் கடற்படை முகாம் வந்தது. ஊர்க்காரர் திரும்பிப் போக 2017இல் போராட வேண்டி இருந்தது. ஆக்களே இல்லாத ஊரில் றோட்டைக் காடு எடுத்துக்கொள்ளும். பாதையின் எல்லைக் கல்லும் போகும், அது யாருடையது என்ற ஞாபகமும் போகும். போர்க்காலத்தில் வடக்கின் பல சபைகள் தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரிகளின் கையில்தான் ஓடின.

போருக்குப் பிறகு பெரிய வீதிகளுக்குப் பெரிய காசு வந்தது. கார்பெட் றோட்டு, புதுப் பாலங்கள். முசலி வழியாகப் போகிற ஒரு பாதையைப் பற்றி நாடே கதைத்தது. வில்பத்துக்குள்ளால் புத்தளம் போகிற பாதையைத் திறந்து வைப்பதா மூடுவதா என்ற பிரச்சினை அது. சூழலியல் அமைப்புகள் அதை உயர் நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோயின. காட்டுக்காகப் பேசியவர்களுக்கும் காரணம் இருந்தது, புத்தளத்தில் பாதிக் குடும்பத்தை விட்டுவிட்டு வந்திருந்த சனத்துக்கும் காரணம் இருந்தது. அந்த விவாதத்துக்குள் நாங்கள் இப்போது போகவில்லை. நாங்கள் கவனித்தது வேறு ஒன்றை. அந்த ஒரு பாதையைப் பற்றி கொழும்புப் பத்திரிகைகள் எத்தனையோ எழுதின. ஒரு மீனவக் குடும்பம் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோகிற உள் வீதியைப் பற்றி யார் எழுதினார்கள்?

தெரிவான ஆக்களின் கணக்கை ஒருக்கா பாருங்கோ. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பரில் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை. உள்ளூராட்சித் தேர்தல் 2018 பெப்ரவரியில் நடந்தது. அந்தச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த வருஷம் வைக்க வேண்டிய தேர்தலை, காசு இல்லை என்ற காரணம் சொல்லித் தள்ளினார்கள். கடைசியில் அது நடந்தது 2025 மே 6இல். அதாவது இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல், வடக்கில் இருக்கிற ஒரு ஊர் றோட்டைப் பற்றிக் கேட்க, சபையிலோ மாகாணத்திலோ நீங்கள் வாக்குப் போட்டுத் தெரிந்த ஓர் ஆள்கூட இல்லை.

எங்கட நண்பியின் அப்பா ஏறி இறங்கின கந்தோர்களில் இருந்த உத்தியோகத்தர்கள் கெட்டவர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. அவர்களைக் கேள்வி கேட்க வேண்டிய நாற்காலிகள் பல காலம் வெறுமையாக இருந்தன. இப்போது உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். இனி அந்தச் சாட்டுச் சொல்லேலாது.

கிடங்கு எப்படி வருகிறது

இதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, கேள்வி கேட்கும்போது உதவும்.

தார் வீதியின் பலம் மேலே தெரிகிற கறுப்பில் இல்லை, அடியில் இருக்கிற கல்லிலும் கிரவலிலும்தான் இருக்கிறது. வெயிலில் தார் காய்ந்து, மயிர்க்கோடு மாதிரி வெடிக்கும். அந்த வெடிப்பால் மழைத் தண்ணி கீழே இறங்கும். ஓரத்தில் வடிகான் இல்லாவிட்டால் தண்ணி அங்கேயே நிற்கும். அடி மண் இளகும். மேலே மணல் லொறி போகும்போது இளகின மண் பிதுங்கி வெளியே வரும். உள்ளே வெற்றிடம், மேலே தார் இடிந்து விழும். கிடங்கு.

ஆகவே கிடங்குக்கு முதல் காரணம் தண்ணி, அடுத்த காரணம் பாரம். இரண்டையும் விட்டுவிட்டு மேலே தார் பூசினால் முகத்தில் பவுடர் பூசின மாதிரித்தான். ஒழுங்காகத் திருத்துவதென்றால் கிடங்கைச் சுற்றி உறுதியான இடம் வரைக்கும் சதுரமாக வெட்ட வேண்டும். தண்ணியையும் சேற்றையும் எடுத்துக் காய விட வேண்டும். அடியை நிரப்பி இறுக்க வேண்டும். ஒட்டுகிற தாரைத் தெளித்து, சூடான கலவையைப் போட்டு, உருளையால் அழுத்த வேண்டும். ஓரம் மூட வேண்டும். கிடங்குக்குள் தண்ணி நிற்க நிற்கக் கிரவலைக் கொட்டுவது திருத்தம் ஆகாது. கொட்டினவருக்கும் அது தெரியும்.

பிறகு ஏன் அப்படிச் செய்கிறார்கள்? ஒரு காரணம் கலண்டரில் இருக்கிறது. இலங்கையின் நிதி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஒதுக்கின காசை ஆண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும். காசு கைக்கு வந்து, விலை கோரி, கொந்தராத்துக் கொடுத்து முடியும்போது ஒக்டோபர், நவம்பர் ஆகிவிடும். வடக்கில் மாரி மழை தொடங்குவதும் அப்போதுதான். காய்ந்த ஆடி, ஆவணியில் செய்ய வேண்டிய வேலை மழைக்குள் அவசரமாக நடக்கிறது. அடுத்த வருஷமும் அதே கிடங்கு, அதே அவசரம்.

இன்னொரு காரணம், புது றோட்டுக்குத் திறப்பு விழா இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. பராமரிப்புக்கு நாடா வெட்ட ஆள் வராது. 2020இல் ஒரு லட்சம் கிலோமீற்றர் வீதி என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது பல இடங்களில் வேலை பாதியில் நின்றது. ஏற்கெனவே இருந்த வீதியின் வடிகானைத் துப்புரவாக்க அந்த அளவு காசு தேவையில்லை. ஆனால் அதை யாரும் திட்டமாக அறிவிப்பதில்லை.

சபைகளின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். கிராமப்புறச் சபைகளுக்குச் சோலைவரி வருமானம் சொற்பம். உருளை இயந்திரத்துக்கே வாடகைக்கு நிற்க வேண்டும். சபை வீதி தாங்காத பாரத்தோடு மணல் லொறி போனால் அதைத் தடுக்கிற பலமும் பெரும்பாலும் அவர்களிடம் இல்லை. 'சபை சரியில்லை' என்று ஒரு வசனத்தில் முடித்துவிட்டால் இவையெல்லாம் மறைந்துவிடும். யாரிடம் காசு இருக்கிறது, யாரிடம் பொறுப்பு இருக்கிறது என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் வரும்.

அந்தக் கடிதத்துக்கு என்ன நடந்தது

கதையைத் தொடங்கின இடத்துக்கு வருவம். கோபத்தில் முகநூலில் ஒரு படம் போடலாம் என்றுதான் முதலில் யோசித்தோம். பிறகு வேறு ஒன்று செய்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நண்பியின் அப்பாவின் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதினோம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நாங்கள் கேட்டது நாலே நாலு விஷயம்:

1. இந்த வீதி எந்த நிறுவனத்தின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறது? இலக்கம் என்ன?
2. கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, எவ்வளவு செலவு?
3. அந்த வேலைக்கு கொந்தராத்துக்காரரின் உத்தரவாதக் காலம் எவ்வளவு?
4. இந்த வருஷத்து வேலைத்திட்டத்தில் இந்த வீதி இருக்கிறதா?

பதில் வந்தது. முதலாவது கேள்விக்குப் பதில்: "மேற்படி வீதி எமது பதிவேட்டில் உள்ளடக்கப்படவில்லை." மற்ற மூன்றுக்கும் அதனால் பதில் இல்லை. அடுத்த கந்தோருக்கும் அதே கேள்விகள். அங்கிருந்தும் அதே பதில்.

நாங்கள் கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. மூன்று தலைமுறை நடந்த றோட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போய், பிரேதம் சவக்காலைக்குப் போன றோட்டு. யாரும் பொய் சொல்லவில்லை. "எங்கட றோட்டு இல்லை" என்று அவர்கள் சொன்னது உண்மை.

1848இல் ஆறு நாள் உழைப்பைப் பிடுங்கினவர்கள் அந்த றோட்டுத் தங்களுடையது என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். அதனால் சனத்துக்கும் யாரை எதிர்ப்பது என்று தெரிந்திருந்தது. இன்றைக்கு நாங்கள் கடையில் வாங்குகிற சவர்க்காரத்திலிருந்து பெற்றோல் வரைக்கும் வரி கட்டுகிறோம். ஆறு நாளைவிடக் கூடத்தான் கொடுக்கிறோம் என்று நினைக்கிறோம். ஆனால் எங்கட உழைப்பு எந்த றோட்டில் விழுந்தது என்று எங்களுக்குத் தெரியாது, எங்கட வீட்டு வாசலில் இருக்கிற றோட்டு யாருடையது என்றும் தெரியாது.

இப்போது ஊரில் கையெழுத்துச் சேர்க்கிறார்கள். வீதியைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, புதுச் சபையின் உறுப்பினரிடம் கொடுக்கப் போகிறார்கள். முதல் கையெழுத்து, கட்டு அவிழ்த்த கையால் அந்த அப்பா போட்டது. சபை அமர்வு அடுத்த மாதம். என்ன நடந்தது என்று திரும்ப எழுதுவோம்.

அதற்கிடையில் உங்களிடம் ஒரு வேலை தருகிறோம். உங்கட வீட்டு றோட்டு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கோ. ஒரு தாள், ஒரு பேனை, 14 வேலை நாள். பதிலை எங்களுக்கும் சொல்லுங்கோ.